எட்டாவது குரல்

"புது ஷூவைப் போட்டு வீட்டுக்குள்ளயாவது நாலு நாள் நடன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே, சொன்னே! குதிகால்ல தோலே இல்லக்கா, அதைப் பாரு முதல்ல..."

"எதைப் பார்க்கறது? உன்னால அத்தனை பேர்கிட்டயும் பேச்சு வாங்கறேன்..."

"நானா வரேன்னேன்? நீதானே மலை, அருவி, மேகம்னு..."

சாயங்காலம் நாலரை மணி. ஆளரவமே இல்லாத மலைப்பாதை... கிட்ட வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதியின் நாத்தனாருக்கு நடந்தது. அவள்தான் அந்த அக்கா.

அவள் வேலை பார்த்த அச்சகத்து ஆட்கள் விடுமுறைக்கு மலையேறப் போனார்கள். தங்கையோடு சேர்த்து எட்டுப் பேர். இறங்கும்போது மூடுபனி. முன்னால் போகிற வழிகாட்டி அடிக்கடி "நம்பர்!" என்று கத்துவார். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகக் குரல் கொடுக்கவேண்டும். ஒரு குரல் குறைந்தால் எல்லோரும் நிற்கவேண்டும். தங்கையால் இரண்டு தரம் நின்றாயிற்று.

"மகாராணி பல்லக்கு வந்துட்டுதா?" என்று முன்னாலிருந்து ஒரு சிரிப்பு. அக்காவுக்குச் சுருக்கென்றது.

"இந்தப் பாறையிலயே கிட. வழிகாட்டியைக் கூட்டிட்டு வரேன்."

"சீக்கிரம் வந்துடுக்கா... ஒரு மாதிரியா இருக்கு."

வழிகாட்டியிடம் சொல்லத்தான் போனாள் அக்கா. அதற்குள், "நம்பர்!" ஆறு வரை வந்தது. "ஏழு" என்றாள். ஒரு நொடி... மூக்கால் தங்கை மாதிரியே "எட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கிடந்து அனுபவிக்கட்டும், அடுத்த தரம் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த தரம், "ஏழு" என்று சொல்லி வாயை மூடவில்லை. முதுகுக்குப் பின்னால், "எட்டு".

அப்பாடா, வந்துவிட்டாள். திரும்பினாள். பனிதான். ஈரப் பாசி வாசனை. மலையேறும் கம்பு ஊன்றும் சத்தம் மட்டும்... டக்... டக்... நொண்டலே இல்லாமல்.

"இவ்வளவு நேரம் நடிப்பா? நல்லாத்தானே நடக்கறே!"

மறுபடியும் டக்... டக்...தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று நடந்தாள். அடிவாரம் வரைக்கும் எட்டு தவறாமல் வந்தது. யாரும் நிற்கவில்லை.

பஸ் நின்ற இடத்தில் பனி இல்லை. வழிகாட்டி தலைகளை எண்ணினார். ஏழு.

"உங்க தங்கச்சி எங்கம்மா?"

"பின்னாலதானே..."

வெறும் பாதை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் கேட்டது தங்கையின் குரல் இல்லை. இவள் மூக்கால் பேசினாளே, அந்தக் கள்ளக் குரல்.

வழிகாட்டி டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினார். அந்தப் பாறைக்கு ஏற இரண்டு மணி நேரமாகும்.

ஃபோன் அடித்தது. தங்கை.

"ஹலோ, யாருங்க? நீங்க எடுத்து வெச்சிருக்கறது எங்க அக்கா ஃபோன். வழியில தவற விட்டுட்டாளாம்."

"ஏய், நான்தான்டி! எங்க இருக்கே?"

"பாறையிலதான்... அக்கா அப்பவே வந்துட்டாளே. என் காலை மடியில வெச்சு அமுக்கறா. கைதான் ஐஸ் மாதிரி..."

"எழுந்து ஓடுடி! அது நான் இல்ல! நான் கீழ பஸ்கிட்ட நிக்கறேன்!"

ஃபோனுக்குள் யாரோ சிரித்தார்கள். அச்சு அசல் இவள் சிரிப்பு. தங்கையும் கூடச் சிரித்தாள்.

"குரல் அப்படியே எங்க அக்காதாங்க. ஆனா, எங்க அக்கா என்னைத் தனியா விட்டுட்டுக் கீழ இறங்கிடுவாளாங்க?"