நாலாவது டிரம்பெட்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் மழைக்காக பஸ்ஸின் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். உள்ளே பகலிலேயே அரையிருட்டு. முன் சீட்டில் ஆபீஸ் விட்டு வந்த இரண்டு பெண்கள், ஆளுக்கொரு காதில் இயர்போன் வைத்து ஒரே போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஷீலா, இந்த டிரம்பெட்காரங்க அடிக்கடி மூச்சு வாங்குகாங்களே,” என்றாள் சன்னலோரத்தில் இருந்தவள். “இந்தப் பெரிய பேண்டு முழுக்க நீ வீட்டுக் கம்ப்யூட்டர்லே பண்ணினதுன்னுதானே சொன்னே. கம்ப்யூட்டருக்கு எதுக்குடி மூச்சு?”

“சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்தான். டிரம்பெட்லே மூணு கம்ப்யூட்டர். நாலாவது எங்க வீட்டுக்காரராக்கும்.”

“அண்ணனா? நெஞ்சு ஆபரேஷனுக்குப் பொறவு ஊதுகதில்லேன்னியே.”

“கதவைச் சாத்திட்டுத் தனியா ஊதிப் பார்ப்பாங்க. பாதியிலே மூச்சு நின்னுபோகும். உடனே டிரம்பெட்டைப் பெட்டியிலே வெச்சு மூடிருவாங்க. நான் அடுக்களையிலே நின்னு கேட்டுட்டே இருப்பேன். எவ்வளவு தூரம் மூச்சு தாங்குதோ, அதுக்குத் தக்கன பாட்டை எழுதினேன்.”

“அது செரி. மத்த மூணையும் எதுக்கு மூச்சு வாங்க வெச்சே?”

“அவங்க ஒராளு மட்டும் நடுவிலே நிறுத்தினா தெரிஞ்சிரும்லா.”

பஸ் மெல்ல நகர்ந்தது.

“அண்ணன் கண்டுபிடிக்கலியா?”

“ஊதி முடிச்சிட்டு, ‘உன் கம்ப்யூட்டர் ஆளுகளுக்கும் நெஞ்சு செரியில்லை போல’ன்னாங்க.”

“அய்யோ. பொறவு?”

“பொறவு என்ன? டிரம்பெட்டு பெட்டிக்குள்ளே போகலே, இப்பவும் மேசை மேலேதான் இருக்கு.”