காப்பு அவிழ்க்கும் காட்சி

– இன்னைக்கும் இறுக்கிக் கட்டியிருக்குங்க. இங்கன வந்து பாருங்க.

– எதுட்டி?

– குட்டிப் பேய்ப் பொம்மையோட கையில இருக்க காப்புநூல். நேத்துச் சாயங்காலம் பாதி அவுத்து, தொங்கத் தொங்க விட்டுட்டுத்தான் கதவைச் சாத்தினேன். இப்போ ரெண்டு காது வச்சு முடிச்சுப் போட்டிருக்கு.

– எலி இழுத்திருக்கும்.

– எலி முடிச்சுப் போடுமா?

– திருநெல்வேலி எலில்லா, சுந்தரி. என்னமும் செய்யும்.

– விளையாடாதீங்க. நாலு நாளா இதே கதை. நேத்து எடுத்த போட்டோ எதுவும் இனி ஒட்டாது. முதல்ல இருந்து எடுக்கணும்.

– ரெண்டே செகண்டு காட்சி. இருபத்திநாலு போட்டோ. கையை எள்ளளவு நகட்டு, நான் ஒண்ணு எடுக்கேன். இன்னும் எள்ளளவு நகட்டு, இன்னொண்ணு எடுக்கேன். ஒரு மணி நேர வேலை. நீ பாதியிலேயே கை வலிக்குன்னு எந்திரிச்சுப் போயிருத.

– வலிச்சா என்ன செய்ய?

– நாளையில இருந்து தசரா லீவு. மொட்டை மாடியில வேட்டியைக் கட்டிப் படம் போடுதோம்னு தெருப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. முத்துராணி வீட்டு வாண்டுக கேட்டைப் பிடிச்சுத் தொங்குதுக, பேய்ப் படம் எப்போ, பேய்ப் படம் எப்போன்னு.

– வாலு எங்க?

– கீழே கிடக்கு. இந்தா. குரங்கு வேஷத்துக்கு நம்ம பிள்ளை சாக்ஸ்ல வால் தைக்கணும்னு உனக்கு எப்படித்தான் தோணிச்சோ.

– போன வருஷம் அவளே கேட்டதுதான். ஏங்க, பிள்ளைங்க பயந்துருவாங்களா?

– படத்துல காளி வேஷம் போட்டவரே இந்தக் குட்டியைப் பார்த்து நாக்கைக் கழட்டிப் போட்டுட்டு ஓடுதாரு. சிரிச்சே செத்துருவாங்க.

– அப்படிச் சொல்லாதீங்க.

– சரி. சொல்லல.

– கடைசியில அழுவாங்க.

– எதுக்கு அழணும்? தசரா வேஷத்துக்குக் கட்டின காப்பை யாரும் அவுத்து விடாததனால வீடு வீடா அலையுத பேய். அம்மாக்காரி கை வந்து அவுத்து விடுது. வேஷத்தைக் கழட்டிக் கரையில வச்சிட்டு, அது குலசைக் கடல்ல இறங்கிப் போயிருது. நல்ல முடிவு. நீ எழுதினதுதானே.

– எழுதும்போது லேசா இருந்துச்சு. பொம்மை அம்மாவுக்குக் கம்பி விரல், முடிச்சு அவுக்க வராது, உன் கையே வரட்டும்னு நீங்க சொன்ன பெறகுதான்...

– வேற யாரு கை வரும்?

– நம்ம பிள்ளை உலகுக்கும் நாம இப்படி அவுத்திருக்கணும்ங்க.

– ஆஸ்பத்திரியில அந்த நெனப்பு யாருக்கு இருந்துச்சு.

– எனக்கு இருந்துச்சே. ஊசி போடணும், கையில இருக்க நூலை எடுங்கன்னு நர்ஸ் பிள்ளை கெஞ்சிச்சு. குலசையில சூரசம்ஹாரம் முடியாம எடுக்கக் கூடாதுன்னு சண்டைக்குப் போனேன். அடுத்த கையில குத்தச் சொன்னேன். ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிரும், குலசைக்குக் கூட்டிட்டுப் போயி அம்மன் முன்னால நானே அவுப்பேன்னேன். கடைசியில காப்போடயே அனுப்பிட்டோம்.

– நூலால காய்ச்சல் கூடல, சுந்தரி. ஒரு வருஷமா சொல்லுதேன்.

– அவ இங்கனதான் சுத்துதா. இல்லன்னா இந்த முடிச்சை யாரு போடுதா? தெனமும் காலையில கதவைத் திறக்கும்போது, கட்டியிருக்கணுமே, கட்டியிருக்கணுமேன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது.

– அப்படி எல்லாம் நெனைக்காத.

– பின்ன யாரு?

– எலின்னு சொன்னேம்லா.

– என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

– நான்தான்.

– என்ன நான்தான்?

– நீ குளிக்கப் போனதும் உள்ள வந்து கட்டுதேன். ஆத்து மண்ணுல பிசைஞ்ச கைதான், எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கையில நூல் அவுந்து தொங்குததைப் பார்க்க முடியல. இதை அவுத்தா படம் முடிஞ்சிரும். முடிஞ்சா இந்த ரூம்ல என்னட்டி இருக்கு? உன்னைப் பயமுறுத்தணும்னு செய்யல.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– ரெண்டு காது, அதுக்கு மேல இன்னொரு முடிச்சு. வேன்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, வாசல்ல குனிஞ்சு உக்காந்து அவ ஷூவுக்கு நீங்க போடுத முடிச்சு. முதல் நாளே தெரியும்.

– பின்ன எதுக்குட்டி அவ வாரான்னு சொன்ன?

– ஒரு வருஷமா எலி, பூனைன்னு சிரிப்புக் காட்டிக்கிட்டே இருக்கீங்க. ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லணும்லா.

– சொல்லிட்டேன். இனிமே கட்ட மாட்டேன். கையை வையி, இன்னைக்கு முடிச்சிருவோம். இடையில வலிச்சா சொல்லு, மீதியை நான் அவுக்கேன்.

– எனக்கு எந்தக் கைங்க வலிச்சுச்சு? நீங்க வந்து கட்டட்டும்னுதான் தெனமும் பாதியில விட்டுட்டுப் போனேன்.