மாமியார் ட்ரையல்

கும்மிடிப்பூண்டியில் ரயில் கிளம்பியதும், எதிரில் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த இளைஞர் பக்கத்திலிருந்த பெரிய மீசைக்காரரிடம் சொன்னார்: "அண்ணா, சாயங்காலம் வரைக்கும் நீதான் என் மாமியார்."

பிரித்த புத்தகத்தில் நான் அடுத்த பக்கம் போகவில்லை.

"மெட்ராஸ் எனக்கு அத்துப்படினு பொண்ணு ஊட்ல சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம அவங்கம்மா சுத்திப் பாக்க வருது. அப்புறந்தான் பொண்ணு குடுக்கறதா இன்னானு சொல்லுமாம். நான் சென்ட்ரலத் தாண்டுனதே இல்ல."

"அதுக்கு?"

"புது மிஷின் வந்தா ட்ரையல் ஓட்டிப் பாக்கறோம்ல, அப்டித்தான். மொதல்ல மியூசியம், அப்பால லைட் ஹவுஸ், கடைசியா பீச்சு."

"லைட் ஹவுஸ்ல லிப்டு கீதா? முட்டி வலிக்குது."

"உனக்கா?"

"மாமியாருக்கு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டார். லிஃப்ட் உண்டா என்று எனக்கும் தெரியாது. நாற்பது வருடச் சென்னைவாசி என்பதால் வாயைத் திறக்கவில்லை. கவரைப்பேட்டை வருவதற்குள் மாமியார் ஜன்னல் சீட்டும் வேர்க்கடலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கடலை சரியில்லை என்றார். அதுவும் எழுதப்பட்டது.

பொன்னேரியில் மீசைக்காரர் எழுந்தார். "பொண்ணு குடுக்கறதா இல்ல. நான் எறங்கறேன்."

"இன்னாணா, மெட்ராஸே இன்னும் வரல."

"கம்பெனில நான் இன்னா வேல பாக்கறேன்?"

"குவாலிட்டி செக்கிங்."

"ஜன்னல் சீட்ட நானாத்தான் கேட்டேன், நீயா குடுக்கல. ரிஜெக்ட்."

இளைஞர் வழியை மறித்து நின்றார். குரல் நிஜமாகவே நடுங்கியது. "அத்தே, ஒரு சான்ஸ் குடுங்க அத்தே."

மீசைக்காரர் தோளில் கிடந்த துண்டை முந்தானைபோல இழுத்து விட்டுக்கொண்டு, மறுபடியும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.