தலையணை உறை

ஆமாங்க, நான்தான். அந்தப் போட்டோல இருக்கறது நான்தான். உங்க சலூன்ல மாட்டி வச்சிருக்கீங்களா? அடடா. ஏழு வருஷமாவா? ஈ ஒக்காந்து கறை பட்டிருக்கும், கழட்டிருங்க. இல்ல, சும்மா சொன்னேன். இருக்கட்டும்.

வாத்தியாரேன்னே கூப்பிடுங்க, பரவால்ல. நம்ம பராகுவேல பந்தாட்டம் சொல்லிக் குடுக்கறவன் எவனா இருந்தாலும் வாத்தியார்தானே. பேரு கிறிஸ்பின் ஒவேலார். பேரு யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல, மூஞ்சிதான் இருக்கும். கல்லு மூஞ்சின்னு பேப்பர்காரன் எழுதினான்ல, அந்த மூஞ்சி.

அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. மகன் பெனால்டியைப் புடிச்சுட்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறான், கிளப் தப்பிச்சிருச்சு, மைதானமே ஆடுது, நீங்க மட்டும் ஏன் பஸ்ஸைத் தவற விட்ட ஆளு மாதிரி நிக்கறீங்கன்னு. சொல்றேன். இந்த பஸ்ல என்கர்னசியோன் வரைக்கும்தானே நீங்களும்? அப்ப நேரம் இருக்கு.

தெரெரே குடிங்க. எலைத் தண்ணில போட்ட ஐஸ் இன்னும் கரையல. நான் ஒரு வாய் உறிஞ்சிப் பாத்தாச்சு, கசப்பு போயிருச்சு. தேங்க்ஸ் சொல்லாதீங்க, சொன்னா போதும்னு எடுத்துக்குவேன்.

மகனைப் பாக்கத்தான் போறேன். மில்சியாதெஸ். உங்களுக்கு மில்ஸி. நாளைக்கு அவனுக்கு மொத மேட்ச், வாத்தியாரா. ஆமா, கோல்கீப்பரா ஆடுனது போதும்னு விட்டுட்டான், தோள்பட்டை போயிருச்சு. இப்ப இருவத்திரண்டு பேரை மேய்க்கணும். நேத்துப் போன் பண்ணினான், அப்பா, மறந்துராதீங்க, அந்தத் தலையணை உறையை எடுத்துட்டு வாங்கன்னான். இதோ, இந்தப் பையில இருக்கு. அதைக் குடுக்கணும். அதோட ஒரு விஷயம் சொல்லணும் அவன்கிட்ட. அதுக்குத்தான் போறேன்.

தலையணை உறை எதுக்கா? அது பெரிய கதை.

நான் ஆடற காலத்துல இடது பக்கத் தடுப்பாளு. வேகம் கெடையாது. ஆனா ஒருத்தன்கூட ஒட்டிக்கிட்டா தொண்ணூறு நிமிஷமும் விட மாட்டேன். அப்படியே பொழைச்சேன். மொதல்ல நம்ம ஊர், அப்புறம் பெரு, அப்புறம் பொலிவியா. பொலிவியால ஒரூரோன்னு ஒரு ஊர், மலை மேல. மூச்சே வராது. மொத வாரம் மைதானத்துலயே வாந்தி எடுத்தேன். அங்க ஒரு கெழட்டு வாத்தியார். மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எங்களை ஹோட்டல்ல அடைச்சுருவாரு. அது எல்லா ஊர்லயும் உண்டுதான். இவரு ஒரு படி மேல. ஹோட்டல்ல வர்ற போன் எல்லாம் அவருக்குத்தான் வரும். கடிதாசும் அவர்கிட்டதான். மேட்ச் முடிஞ்சு டிரெஸ்ஸிங் ரூம்ல பேரு சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா சொல்லுவாரு. மில்ஸி பொறந்தது எனக்கு அப்படித்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பொறந்திருக்கான், ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சொன்னாரு. குதிச்சேன். கோபமே வரல. நல்ல வாத்தியார்னா இப்படி இருக்கணும்னு நெனச்சேன் பாருங்க.

முட்டி போனதும் நானும் வாத்தியார் ஆனேன். பத்தொம்பது வருஷம், பதினாலு கிளப்பு. சிரிக்காதீங்க, இது கம்மி. மூணு மேட்ச் தொடர்ந்து தோத்தா பொட்டியைக் கட்டணும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒரு கிளப்புல என்னை நீக்கினதை கார் ரேடியோலதான் கேட்டேன். மைதானத்துக்குப் போயிட்டிருந்தேன். அடுத்த பெட்ரோல் பங்க்ல வண்டியைத் திருப்பி, அப்படியே வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன். இன்னொரு ஊர்ல வீட்டு ஜன்னலுக்குத் திரை வாங்கலாம்னு சுனில்தா அளவெடுத்தா. வேண்டாம்னேன். அளவெடுத்த காகிதம் பர்ஸ்லயே கெடந்துது, ஜன்னல் மாறிருச்சு.

சுனில்தா என் பொண்டாட்டி. கடைசில அவ என் பின்னாடி அலையறதை நிறுத்திட்டா. என்கர்னசியோன்ல அவ தங்கச்சி ஒப்தூலியா வீட்டுக்குப் பக்கத்துலயே வீடு புடிச்சு, நீங்க ஊர் சுத்துங்க, நான் இங்க இருக்கேன், தோத்ததும் வாங்கன்னா. கிண்டல்காரி. ஹோட்டல் தலையணை எனக்கு ஆகாது, தும்மல் வரும். அதனால அவ கையால பூ போட்ட உறை ஒண்ணு பொட்டில வச்சு அனுப்புவா. அந்த உறைதான் இது.

மொபைல் வந்தப்புறம் ஹோட்டல் போனை மட்டும் தடுத்துப் பிரயோசனமில்லையே. அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில இந்த உறையைச் சுத்தி விடுவேன். ஒவ்வொருத்தனும் அவன் போனை உள்ள போடணும். முனங்குவானுங்க. வாத்தியாரே, என் ஆளு சந்தேகப்படுவா வாத்தியாரேம்பானுங்க. ஜெயிச்சுக் காட்டு, சந்தேகம் தீரும்டான்னுவேன். முடிச்சுப் போட்டு என் ரூம் கதவு கைப்பிடில மாட்டி வச்சுருவேன். மேட்ச் முடிஞ்சுதான் அவுப்பேன். அப்புறம் போன கிளப்பு எல்லாத்துலயும் இதேதான். என் பேரைச் சொன்னா ஆட்டத்தைச் சொல்ல மாட்டாங்க, தலையணை உறையைத்தான் சொல்லுவாங்க.

இருங்க, பொகாதோ ஊர் வந்துருச்சு. சிப்பா ரொட்டி விக்கற அம்மா ஏறுது. ரெண்டு குடும்மா, சூடா இருக்கறதா பாத்து. வச்சுக்கங்க, நான்தான் வாங்கித் தருவேன். சாப்பிடுங்க. எனக்கு இப்ப வேணாம், கையில வச்சுக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், கடைசி கிளப்பு. மகனும் என்கிட்டயே ஆடினான். சிபாரிசு இல்ல, அவன் நல்ல கீப்பர்தான். வருஷக் கடைசி மேட்ச், தலைநகர்ல. தோத்தா கீழ்ப் பிரிவு. அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமே, சுவத்துலயே மாட்டியிருக்கீங்க. வெள்ளிக்கிழமையே அசுன்சியோன் ஹோட்டல்ல எறங்கிட்டோம். எங்களோட ரெண்டாவது கீப்பருக்கு விரல் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தோம். மூணாவது ஆளே கெடையாது.

மீதிதான் பேப்பர்ல வந்துதே. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மேட்ச். எம்பத்தொம்பதாவது நிமிஷம் பெனால்டி. மில்ஸி எடது பக்கம் விழுந்து புடிச்சான். போட்டோ எடுத்தாங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல நான் உறையை அவுத்தேன். அம்மாவுக்குப் போன் போடறேன்பான்னு ஒடம்பெல்லாம் ஈரத்தோட வந்து அவன்தான் மொதல்ல கையை விட்டான். அப்பதான் ஒப்தூலியா அனுப்பின மெசேஜ் பாத்தான். அம்மா போயிட்டா. காலைல பத்து மணிக்கே. ஆமா, மேட்ச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி. நல்லா இருந்தவதான். பித்தப்பை ஆபரேஷன்தானே, அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பறோம்னாங்க. திடீர்னு ரத்தத்துல சீழ் வச்சிருச்சாம்.

வெற்றிக்கு அப்புறம் வந்த இடின்னு எழுதினாங்க. அப்பனும் மகனும் ஒண்ணா அழுதாங்கன்னாங்க. அவன் அழுதான். நான் அவன் ஷூ கயிறை அவுத்து விட்டுட்டிருந்தேன். முடிச்சு எறுகிப் போச்சு, அதான்.

அவ மகனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. சனிக்கிழமை சாயந்திரம். போன் உறைக்குள்ள இருக்கும்னு அவளுக்குத் தெரியும், எத்தனை வருஷமா என்கூடக் குடித்தனம் பண்ணினவ. தெரிஞ்சும் அனுப்பியிருக்கா. மில்ஸி, எனக்குக் கொஞ்சம் முடியலடா, காய்ச்சல் விடல, நீ பயப்படாத, நாளைக்கு நல்லா ஆடு, அப்பாகிட்ட இப்ப சொல்லிடாத, மேட்ச் முடியட்டும், அவரு தாங்க மாட்டாரு. அவ்வளவுதான். அவன் வருஷா வருஷம் அவ பொறந்த நாளன்னைக்கு எனக்குப் போட்டுக் காட்டுவான். தோள்ல கை போட்டுக்குவான். பாவம்ப்பா நீங்க, உங்களுக்கும் நான் பாத்தப்பதானே தெரிஞ்சுதும்பான். எதுவுமே தோணாது எனக்கு அப்ப. ஏழு வருஷமா அப்படித்தான். பல்லு புடுங்க ஊசி போடுவாங்கல்ல, கன்னத்தைத் தொட்டா யாரோட கன்னத்தையோ தொடற மாதிரி இருக்கும், அந்த மாதிரி.

இல்லைங்க. சிப்பா நல்லாத்தான் இருக்கும். பசி இல்ல.

அவன் பாத்தப்பதான் எனக்கும் தெரிஞ்சுதுன்னு அவனா நெனச்சுக்கிட்டது. நான் சொல்லல. இல்லன்னும் சொல்லல.

என் போன் உறைக்குள்ள போறதில்லையே. வாத்தியார் போன் வாத்தியார் பாக்கெட்லதான். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஒப்தூலியா கூப்பிட்டா. மாமா, அக்காவுக்கு ரொம்ப முடியல, பையனையும் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்புங்கன்னா. இதே ரோடு. அஞ்சு மணி நேரம், வெரட்டுனா நாலரை. நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் வந்துடறோம்னேன். போனை வச்ச கொஞ்ச நேரத்துல கதவுல மாட்டியிருந்த உறைக்குள்ள ஏதோ ஒரு போன் ஒரு தடவை உறுமிச்சு. எவனோ அணைக்காம போட்டுட்டான்னு நெனச்சேன். இல்ல, எவனோன்னு நெனைக்கல. மில்ஸி போன்தான்னு தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

மறுநாள் காலைல பத்தேகாலுக்கு ஒப்தூலியா மறுபடி கூப்பிட்டா. ஹோட்டல் படிக்கட்டுல நின்னுட்டிருந்தேன். சரின்னேன். சரின்னுட்டு டைனிங் ஹாலுக்குப் போனேன். மில்ஸி ரெண்டாவது தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுட்டிருந்தான். நிறைய தின்னாத, குனிய முடியாதுன்னேன். சிரிச்சான்.

கிளப்பு கீழ போனா முப்பது குடும்பம் தெருவுக்கு வந்துரும்னு நெனச்சீங்களா, வேற கீப்பர் இல்லன்னு நெனச்சீங்களான்னு கேப்பீங்க. அதெல்லாம் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன், அப்புறமா. பதினாலு கிளப்புல ஒரு தடவைகூட நான் எதையும் ஜெயிச்சதில்லைங்க. எனக்கு அந்த மேட்ச் வேணும். அவ்வளவுதான் அப்ப இருந்துது உள்ள.

ஒப்தூலியா அவன்கிட்ட சொல்லவே இல்ல. ஆத்தாதான் போயிட்டா, அப்பனையும் எதுக்குப் புடுங்கணும்னு விட்டிருப்பா. ஏழு வருஷம் நான் அங்க போறப்பல்லாம் எனக்குச் சோறு போட்டா, மூஞ்சியைப் பாக்காம. போன மாசம் அவளும் போயிட்டா. அடக்கம் முடிஞ்சு வரும்போது மில்ஸி சொல்றான், அப்பா, நான் வாத்தியாரா சேர்றேன், உங்க உறையைக் குடுங்க, நானும் உங்களை மாதிரியே செய்யறேன்னு. உங்களை மாதிரியேன்னான்.

இப்ப இதைத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். நீங்க ரெண்டாவது. இல்லைங்க, உங்களை நம்பி சொல்லல, தப்பா நெனச்சுக்காதீங்க. சொன்னா வாய்ல வருதான்னு பாக்கணும். ஏழு வருஷமா வெறும் காத்துதான் வருது. உங்ககிட்ட வந்துருச்சு.

ஸ்டாண்டு வந்துருச்சு போல. பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஆமா, அதோ, நீலச் சட்டை, கையாட்டறான் பாருங்க. அவனேதான். போட்டோவா? எங்க ரெண்டு பேரையும் சேத்தா? சலூனுக்கா? அதுக்கென்ன, எடுத்துக்குங்க. இந்தத் தடவை சிரிக்கறேன், முடிஞ்சா.

ஆனா எறங்கினதும் மொதல்லயே எடுத்துருங்க. இந்த உறையை அவன் கையில குடுக்கறதுக்கு முன்னாடி.