மேக்குச் செவுரு

ஒங்க வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே நிவேதாவுக்கு இருமல் நின்னுட்டா அண்ணாச்சி? மருந்து மாத்திரை எதுவும் இல்லாமலா? ம்.

இல்ல, சாமான ஏத்த வேண்டாம்னு சொல்லல. ஒங்க மகளுக்கு நீங்க போட்ட சீரு, தாராளமா எடுத்துட்டுப் போங்க. திருவேங்கடத்துல இருந்து வெயில்ல வந்திருக்கிய, செத்த இருங்க. காப்பி வேண்டாமா? சரி.

நிவேதா இங்கன பட்டது கொஞ்சமில்ல. அடுப்படியில நின்னா இருமமாட்டா. இந்த ரூமுக்குள்ள வந்தா இழுக்க ஆரம்பிச்சிரும். வேல செய்யையில வராத இருமலு புருசனக் கண்டா மட்டும் வருதோன்னு கேட்டேன். இந்த வாயாலதான்.

கல்யாணமாகி ஒரு மாசத்துல அவ சொல்லிட்டா. அத்தை, ரூமு பூட்டித் தொறந்தா நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குதுன்னா. கரிசக்காட்டுல பொறந்தவளுக்குக் குத்தாலத்துச் சாரலு என்ன தெரியும்னு சிரிச்சேன். முகூர்த்தப் பட்ட எடுத்தா மடிப்புல கரும்புள்ளி. தொட்டா மாவு மாதிரி கையில ஒட்டுது. சேலைய மடிக்கத் தெரியலன்னு அதுக்கும் ஏச்சு. பெயிண்டு கொப்புளமா பொங்கி நின்னதக் காட்டி, அந்தப் பக்கம் பாத்ரூம் பைப்பு கசியுதோ அத்தைன்னா. படிச்ச திமிருன்னேன்.

ஆளுகளக் கூப்பிடுதியளா? ரெண்டு நிமிசம் அண்ணாச்சி. பீரோவ நகட்டுனா நீங்களே பாத்துருவிய. அதுக்கு முன்ன நானே சொல்லிருதேன்.

அதுக்குப் பின்னால மேக்குச் செவுத்துல பூசணம். இடுப்பு ஒசரத்துக்குக் கருகருன்னு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா? நீங்க மாப்ள வீடு பாக்க வந்தியள்லா, அதுக்கு நாலு நாள் முந்தி நாந்தான் சுரண்டிட்டு வெள்ளையடிச்சேன். சாம்பிராணிய போட்டு வாடைய அமத்துனேன். சாரலுக்கு முன்ன, பங்குனியிலயே வந்துருங்கன்னு சொன்னதும் அதுக்குத்தான். எம்மவன் பாண்டிராஜுக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சிட்டு. செவுத்த ஒடைச்சு வேல பாத்தா இந்தச் சம்பந்தமும் தள்ளிப்போயிரும்னு பயம். கல்யாணம் முடிஞ்சு சீரு வந்து எறங்குன அன்னைக்கு மறுபடி கறை தெரிஞ்சிச்சு. பீரோவ அந்தச் செவுத்தோட சேத்து வைக்கச் சொன்னேன்.

பேசித் தீக்க ஒக்காந்தமே, அன்னைக்கு ஒங்க சொந்தக்காரங்க முன்னால என்ன சொன்னேன்? பொண்ணுக்கு வீசிங் இருக்கத மறைச்சு எங்க தலையில கட்டிட்டியன்னு சொன்னேன். நீங்க எந்திரிச்சுப் போனிய. மறைச்சது நாந்தான் அண்ணாச்சி. பேசும்போதே எனக்குத் தெரியும்.

பாண்டிராஜுக்குத் தெரியாது. பெத்தவ பொய் சொல்லுவாளான்னு நம்பிட்டான். அந்தா, வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருக்கான்.

ஏலே பாண்டி, என்னைய அப்படிப் பாக்காத. சட்டையப் போட்டுட்டு மாமாகூட வண்டியில ஏறு. நான் செஞ்சத அவகிட்ட நீயே சொல்லு. வேற வீடு பாத்து அங்கனயே கூட்டிட்டுப் போ. எங்கிட்ட பேசணும்னு ஒண்ணும் கெடையாது.