ஃப்ளெமிஷ்காராளுக்கும் அதேதான்

இல்லப்பா வீரபாண்டி, இந்தக் கதைய நானே எட்டு வருஷமா நம்பல. உட்காரு, காபி ஆறிடும். உங்க அண்ணன் விஷயத்துக்குத்தான் வரேன். சிவகங்கையிலேந்து ரெண்டு நாள் ரயில்ல வந்தவன், இன்னும் பத்து நிமிஷம் பொறுக்க மாட்டியா?

இங்க பவானிபூர்ல ஒரு பெல்ஜியம் பாதிரியார் இருக்கார், ஃபாதர் யோரிஸ். எழுபது தாண்டியாச்சு. சாயங்காலமா என்னோட செஸ் ஆட வருவார். அவர்தான் படம் போட்டுக் காட்டினார். ஒரே தேசம், ரெண்டு பாஷை. மேல் பாதி ஃப்ளாண்டர்ஸ், தட்டைப் பூமி, கடலோரம். அங்க டச்சு, ஃப்ளெமிஷ்னும் சொல்லுவா. கீழ்ப்பாதி மலையும் காடும், பிரெஞ்சு. தலைநகர் பிரஸ்ஸல்ஸ் ஃப்ளெமிஷ் பூமிக்கு நடுவுலதான் இருக்கு, ஆனா பெரிய மனுஷா பாஷை பிரெஞ்சு. கோர்ட்டு, காலேஜு, பட்டாளம், எல்லாம் ஒரு காலத்துல அதுதான். அறுபத்தி மூணு வாக்குலதான் சர்க்கார் சட்டம் போட்டு நடுவுல கோடு கிழிச்சுதாம். இந்தப் பக்கம் இந்த பாஷை, அந்தப் பக்கம் அது.

என்ன? உனக்கெதுக்கா? கேளு.

முதல் யுத்தத்துல ஃபாதரோட அண்ணன் சிப்பாய். ஆபீசர் பிரெஞ்சுல கட்டளை போடுவானாம். கடைசில, ஃப்ளெமிஷ்காராளுக்கும் அதேதான்னு முடிப்பானாம். அதையும் பிரெஞ்சுலயே! புரிஞ்சவன் பள்ளத்துல படுத்தான். புரியாதவன் எழுந்து ஓடினான். அவர் அண்ணன் ஓடினவன்.

ஊர்ல பேசிக்கறதுதான், ஃபாதர் கண்ணால பாக்கல. அண்ணன் போன கோபத்துல ஜோடிச்சுச் சொல்றார்னு நினைச்சேன். உசிர் போற விஷயத்தைப் புரியாத பாஷைலயா ஒருத்தன் சொல்லுவான்? மூஞ்சிக்கு நேரயே சிரிச்சேன்.

அந்தக் காகிதத்தைக் குடு. உத்தரவை மீறித் தொட்டியில இறங்கினதால மரணம். ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு. கீழ அனந்தகிருஷ்ணன்னு கையெழுத்து, நான்தான். ஊர்ல குடிச்சிட்டு விழுந்தான்னு பேசறாளா? இல்ல. உங்க அண்ணன் மூக்கையா குடிக்கல.

எங்க பெஹாலா ஃபாக்டரில ஒரு வழக்கம். காலைல ஆபீசர் உத்தரவை இங்கிலீஷ்ல படிக்கணும், சர்தார், அதான் கூலியாட்களோட மேஸ்திரி, ஹிந்தில சொல்லுவான். அன்னிக்கு உத்தரவு, தொட்டிக்குள்ள விஷவாயு இருக்கு, ரெண்டு மணி வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. படிச்சது நான். உங்க அண்ணன் வந்து நாலே மாசம், ஹிந்தியும் பிடிபடல. நேரா என்கிட்ட வந்தான். சாமி, என்ன சொல்றீகன்னு தமிழ்ல கேட்டான். பக்கத்துல மானேஜர் சாட்டர்ஜி. பதினெட்டு வருஷத்துல அவர் காதுபட நான் ஒரு வார்த்தை தமிழ் பேசினதில்ல. பேசினா நானும் இவனும் ஒரே மதராஸி ஆயிடுவோமே. சேம் ஃபார் யூன்னேன். தலைய ஆட்டினான். அவன் வேலையே தொட்டி கழுவறது. வாளியும் பிரஷும் எடுத்துண்டு போனான், இறங்கிட்டான்.

சட்டைய விடு. அடிக்கறதுன்னா அப்புறம் அடி, தடுக்க மாட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி.

போன ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட போனேன். இப்பக் காது சரியாக் கேக்கறதில்ல அவருக்கு. பக்கத்துல குனிஞ்சு கேட்டேன். ஃபாதர், அந்த ஆபீசருக்கு ஃப்ளெமிஷ் தெரியாதா, இல்ல, தெரிஞ்சும் பேசலையா?