கோயில் வளைவில் நிற்க வேண்டிய ஆட்டோ

பெற்றோலை முகர்ந்து பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்கிற மூக்கு என்னுடையது. நமுனுகுல மலையில் நின்று ஒரு இழுப்பு இழுத்தால், பதுளைக்கு வருகிற பெற்றோல் பவுசர் எந்தத் திருப்பத்தில் மூச்சிரைக்கிறது என்று சொல்லிவிடுவேன். முப்பத்தாறு வருஷம் தேயிலைப் பெக்டரியில் எஞ்சின் பார்த்தவன். நான் ஓய்வு பெற்ற அன்று பெரிய ஜெனரேட்டர் மூன்று நாள் துக்கம் காத்தது, யார் உதைத்தும் எழும்பவில்லை. பஹ்மா மகள், உங்கள் வாப்பா இத்ரூஸ் அடிக்கடி சொல்வார், முருகையா அண்ணன் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்று. சரியான பேச்சு. கழித்துக்கொண்டே கேளுங்கள். கழிக்க வேண்டாத இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

நீங்கள் கேட்டு வந்தது ஒரு கடிதம். அன்றைக்கு உங்கள் வாப்பா கொடுத்த பெற்றோலில் கலப்படம் இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். சந்தியில் அவர் கடை பூட்டிக் கிடக்கிறது, மனிதர் பள்ளிவாசலுக்குக்கூட பின்பாதையால் போய் வருகிறார் என்றீர்கள். என் கை இப்போது பேனாவுக்கு அடங்குவதில்லை. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

முதலில் பெற்றோலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாடுகளில் எத்தனோல் கலந்தே விற்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, அங்கே வண்டிகளை அதற்கென்றே செய்கிறார்கள். எத்தனோல் என்பது வேறொன்றுமில்லை, ஸ்பிரிட்டு. அதற்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்துக் குடிக்கும். நம் மலையிலோ மூடுபனி கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துக்கொள்ளும். கலந்த பெற்றோலை ஊற்றி ஒரு பழைய புல்வெட்டி மெஷினை ஒரு மாதம் மூலையில் வைத்துப் பாருங்கள். அதன் ரப்பர் குழாய் மலைப்பாம்பு மாதிரி வீங்கியிருக்கும். தண்ணீர் அளவு மீறினால் ஸ்பிரிட்டு பெற்றோலைக் கைவிட்டுவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து டாங்கியின் அடிக்குப் போய்விடும். எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். சுத்தமான பெற்றோலுக்கு இந்தத் துரோகப் புத்தி கிடையாது.

பெற்றோல் இல்லாமல் நாடே நின்றுபோன வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் செட்டுகளில் ஆட்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். நின்ற இடத்திலேயே ஒருவருக்குத் தாடி வளர்ந்து நரைத்தும் போனது. போத்தலில் யாராவது கொஞ்சம் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு நேரே என் லயத்து வீட்டுக்குத்தான் வருவார்கள். என்னிடம் கோடு போட்ட ஒரு மருந்துப் போத்தல் உண்டு. கோடு வரை தண்ணீர், அதன் மேல் பெற்றோல், நன்றாக ஒரு குலுக்கு. தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறினால் உள்ளே ஸ்பிரிட்டு இருக்கிறது. ஏறாவிட்டால் சுத்தம். வெலிமடையிலிருந்துகூட ஆள் வந்தது. நான் சுத்தம் என்றால் சுத்தம், இல்லை என்றால் இல்லை. மூன்று மலைக்கு அப்பீல் கிடையாது.

அந்த வருஷம்தான் என் மகள் சுபாஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்தாள். அவள் புருஷன் ஜெயரூபனின் ஆட்டோ ஓடாமல் வாசலில் நின்றது. கோழி அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை என்றார்கள்.

"ரெண்டே வருஷம்ப்பா," என்றாள்.

"ஒங்கம்மாவும் அப்பிடித்தான் சொன்னா."

"நான் அம்மா இல்ல. வேணும்னா ஒங்க மூக்கக் கழட்டிக் குடுங்க, கூட்டிட்டுப் போறேன். அங்கதான் எண்ணெக் கெணறு நெறைய இருக்காம்ல."

என் பேச்சு அவளுக்கு அப்படியே இறங்கியிருந்தது. சிரித்தேன்.

அவள் அம்மா விஜயலெட்சுமி இரண்டு வருஷம் என்று போய் பதினொரு வருஷம் கழித்துத்தான் வந்தாள். அதற்குள் சுபாஜினி பெரிய மனுஷியாகியிருந்தாள். திரும்பி வந்த பிறகும் விஜயலெட்சுமி தன் சொந்த வீட்டுக்குள் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவாள். 'வா' என்று யாராவது சொல்லும்வரை வெளியே நிற்பாள். நான்கு வருஷம் அப்படித் தட்டினாள். பிறகு இறந்துபோனாள். என் மகளும் ஒருநாள் அப்படி வந்து தட்டுவாள் என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

இனிமேல் சொல்வதில் எதையும் கழிக்க வேண்டாம், மகள்.

பயணத்துக்கு முதல்நாள் உங்கள் வாப்பா சந்தியிலிருந்து ஏறி வந்தார். கையில் இரண்டு லீற்றர் போத்தல். "அண்ணே, இது என்ட பைக்குக்கு வச்சிருந்தது. புள்ள பயணம் போகுது, ஸ்டேஷன் மட்டும் கொண்டு போய் விடுங்க," என்றார். முகர்ந்து பார்த்தேன். அப்படியொரு சுத்தமான பெற்றோலை நான் அந்த வருஷம் பார்க்கவில்லை. ஜெயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. போத்தலை என்னிடம் கொடுத்து, "மாமா, காலையில நீங்களே ஊத்திருங்க," என்றான். ஆட்டோவைப் பார்ப்பது எப்போதும் நான்தான்.

பெக்டரி ஸ்டோரில் கொரோனாக் காலத்தில் கை கழுவக் கொடுத்த ஸ்பிரிட்டு மிஞ்சியிருந்தது. அதில் ஒரு கேன் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதிலேயே தண்ணீரும் பாதி சேர்ந்திருக்கும். போத்தலில் கால்வாசியை வேறு பக்கம் ஊற்றிவிட்டு அந்த இடத்தை ஸ்பிரிட்டால் நிரப்பினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் கலங்கலாக ஒரு படலம் இறங்கியது. குலுக்கினால் கொஞ்ச நேரம் சேர்ந்தது போல இருக்கும். வைத்தால் பிரிந்துவிடும்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் லயத்திலிருந்து அரை மைல் இறக்கத்தில், சமதரையில் முனியாண்டி கோயில் இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போனதில்லை. எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் எதிரேயிருக்கிற ஏற்றத்தில் ஏறுவார்கள். பெரிய துரையின் ஜீப்பும் அப்படித்தான். வண்டி குலுங்கி ஓடும்வரை கலந்தது கலந்தே இருக்கும், எஞ்சினும் இருமிக்கொண்டாவது ஓடும். ஐந்து நிமிஷம் நின்றால் ஸ்பிரிட்டும் தண்ணீரும் அடியில் தங்கும். அதற்குப் பிறகு அந்த எஞ்சினைப் பிரம்மனாலும் எழுப்ப முடியாது. பக்கத்தில் பெற்றோல் உள்ள வேறு வண்டி கிடையாது. காலை ரயில் போய்விடும். ரயில் போனால் விமானம் போய்விடும். ஏஜென்சிக்காரன் அவள் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவான். என் மகள் அரை மைல் நடந்து வீட்டுக்கு வருவாள். அவ்வளவுதான் நான் செய்தது.

ஹேண்ட் பிரேக் கேபிளில் நாலு இழைதான் மிச்சம் என்பதும் எனக்குத் தெரியும். சமதரையில் அது தேவைப்படாது.

காலையில் மழை. புறப்படுகிற நேரத்துக்குப் போத்தலைக் குலுக்கி டாங்கியில் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுபடி வெளியே வந்து வழியனுப்பவில்லை. காய்ச்சல் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். "போயிட்டு வாறேம்ப்பா," என்றாள். நான் இருமினேன். ஆட்டோ சத்தம் இறங்கிப் போனதும் எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன். நனைந்து வருவாளே, இஞ்சி தட்டிப் போட்டால் நல்லது என்று தோன்றியது.

கோயில் வளைவில் சத்தம் நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நிற்கவில்லை. ஏற்றத்தில் ஏறியது. இருமியது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஏற்றத்தில் டாங்கி சாய்ந்ததும் அடியில் இருந்ததெல்லாம் குழாய் வாய்க்கு வந்திருக்கும். எஞ்சின் நின்றதும் ஜெயரூபன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சில்லுக்கு அடியில் முட்டுக் கொடுக்கக் கல் தேட இறங்கியிருக்கிறான். மழையில் நனைய வேண்டாம் என்று அவளை உள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறான். அவன் கல்லோடு திரும்பியபோது ஆட்டோ அந்த இடத்தில் இல்லை. நாற்பது அடி கீழே, தேயிலைக்கு நடுவில், பயணப்பெட்டி திறந்து கிடந்தது. சுபாஜினி அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கிடந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை.

எட்டாம் நாள் ஆட்கள் உங்கள் கடை முன்னால் கூடினார்கள். பெற்றோலில் கலப்படம் என்று கத்தினார்கள். உங்கள் வாப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை, ஆறுதல்தான் இருந்தது.

"முருகையா அண்ணே பாத்துச் சொல்லட்டும்," என்றார். "அவர் சொன்னா நான் ஏத்துக்கிறேன்."

ஆட்டோ டாங்கியில் மிஞ்சியதை ஜெயரூபன் கொண்டுவந்தான். நான் மருந்துப் போத்தலை எடுத்தேன். கோடு வரை தண்ணீர், மேலே பெற்றோல், ஒரு குலுக்கு. தண்ணீர் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஏறியது. "சுத்தம் இல்லை," என்றேன். அந்தச் சோதனையில் பொய் கிடையாது, மகள். என் ஆயுளில் பெற்றோல் விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை. யார் கலந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

முதல் கல்லை எறிந்தது ஜெயரூபன். உங்கள் வாப்பா கதவை இழுத்துச் சாத்தினார்.

இப்போது எழுதுங்கள். இத்ரூஸ் கொடுத்தது சுத்தமான பெற்றோல். அதில் ஸ்பிரிட்டைக் கலந்தது முருகையா. கேபிள் அறும் நிலையில் இருப்பது தெரிந்தும் டாங்கியில் ஊற்றியதும் முருகையா. கீழே என் கையெழுத்து. நடுங்கினாலும் என்னுடையதுதான்.

கோயிலில் ஏன் நிறுத்தவில்லை என்று ஜெயரூபனை ஒருமுறை கேட்டேன். அவன் நிறுத்தத்தான் போனானாம். அவள் விடவில்லையாம். "நிறுத்தாதீங்க. அப்பா பின்னாடியே வந்துருவாரு. அவரு என் மொகத்தப் பாத்து, போவாதன்னு ஒரு வார்த்த சொன்னாருன்னா நான் எறங்கிருவேன்," என்றாளாம்.

சாமி கும்பிடாமல் போனால் இப்படித்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக இதையும் சேர்த்துவிடுங்கள், மகள். போகிற பிள்ளையைத் தடுக்க ஒரு தகப்பனுக்கு வேறு வழியே இருக்கவில்லை.